ஆள் இல்லை என்பதையும் எழுதுங்கள்

எடைமேடையில் வண்டி ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் குப்பை எந்த ஊரிலிருந்து வருகிறது?" பாதிப் பேருக்கு எரிச்சல் வந்துவிடும். குப்பைதானே, எந்த ஊராக இருந்தால் உனக்கென்ன என்பார்கள். பின்னால் பத்து வண்டி நிற்கும், வெயில் 40 டிகிரி இருக்கும். அவர்கள் கோபமும் நியாயம்தான்.

நான் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குப்பை மாற்று நிலையத்தில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் "கம்ப்யூட்டர் எடை மேடை" என்று போர்டு வைத்திருப்பார்களே, அதேதான் என் இடம். குப்பை வண்டியும், வீட்டை ஒழித்துக்கொண்டு வருபவர்களின் பிக்கப்பும் எடை போட்டுவிட்டு உள்ளே போகும். பெரிய தகரக் கொட்டகையின் கீழே கான்கிரீட் தளத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும். லோடர் அதைத் தள்ளி நீளமான டிரெய்லர்களில் ஏற்றும். அங்கிருந்து தொலைவில் உள்ள புதைகுழிக்குப் போகும். வந்த குப்பை பொதுவாக 48 மணி நேரத்துக்குள் வெளியே போயாக வேண்டும்.

ஊர் பெயரைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989இல் இந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் 2000ஆம் ஆண்டுக்குள் தன் குப்பையில் 50 சதவீதம் புதைகுழிக்குப் போகாமல் செய்ய வேண்டும் என்றது. எந்த ஊர் எவ்வளவு புதைக்கிறது என்று தெரியாமல் அதைச் சரிபார்க்க முடியாது. அந்தக் கணக்கு என் ஜன்னலில்தான் தொடங்குகிறது. எடைச்சீட்டில் போடும் கையெழுத்துக்கு மாநில வேளாண் துறையின் எடை அளவுப் பிரிவு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. பொய் எடை எழுதினால் குற்ற வழக்கு. இந்த எடைக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. டன் கணக்கு தவறினால் மறுநாளே யாராவது கேட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது இன்னொரு பதிவேட்டைப் பற்றி. அதில் பணம் இல்லை. அதனால் அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட பெரிய நிலையங்களை உள்ளூர் அமலாக்க முகமை மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். பெரும்பாலும் அது கவுண்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறைதான். சொல்லாமல் கொள்ளாமல்தான் வர வேண்டும். சோதித்த 30 நாளுக்குள் அறிக்கை எழுத வேண்டும். தவறு இருந்தால் "விதிமீறல்" என்று போடுவார்கள், அந்த அளவுக்குப் போகாததை "கவலைக்குரியது" என்று குறிப்பார்கள். குப்பை, மறுசுழற்சியைக் கவனிக்கும் மாநிலத்தின் கால்ரீசைக்கிள் துறை இந்த அறிக்கைகளைத் தன் இணையதளத்தில் போடுகிறது. யாரும் படிக்கலாம். சன்னிவேலில் இருப்பவர்கள் கார்ல் ரோட்டில் உள்ள ஸ்மார்ட் ஸ்டேஷன் என்ற குப்பை மாற்று நிலையத்தின் அறிக்கையைத் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குப்பை போகும் இடத்தைப் பற்றி மாதாமாதம் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் எங்களிடம் இருப்பது ஏறக்குறைய 2 மணி நேரம். மீதி 718 மணி நேரத்தை அவருக்குக் காட்டுவதற்கென்றே விதியில் ஒரு புத்தகம் இருக்கிறது. சிறப்பு நிகழ்வுப் பதிவேடு. நாங்கள் லாக் புக் என்போம்.

அதில் என்னென்ன எழுத வேண்டும் என்று மாநில விதி ஒரு பட்டியல் தருகிறது. தீ, காயம், சொத்துச் சேதம், விபத்து, வெடிப்பு, எடுக்கக் கூடாத கழிவு வந்தது அல்லது திருப்பி அனுப்பப்பட்டது, வெள்ளம், நிலநடுக்கம். இதே வரிசையில், போதுமான ஆட்கள் இல்லாமையும் இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது நான் அங்கே நின்றுவிட்டேன். நிலநடுக்கத்தோடு ஒரே மூச்சில் ஆள் பற்றாக்குறையைச் சேர்த்து எழுதியவர், குப்பைத் தளத்தில் நின்று வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்த 6 வருடத்தில் எங்கள் லாக் புக்கில் தீ இருக்கிறது, உடைந்த கதவு இருக்கிறது, பெயின்ட் டப்பா இருக்கிறது. போன வருடம் வரை ஆள் பற்றாக்குறை என்ற ஒரு வரிகூட இல்லை. பற்றாக்குறை இருந்ததா என்று கேட்டால், பாதிச் சனிக்கிழமைகளில் இருந்தது.

ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம். தளத்தில் நான்கு பேர் இருக்க வேண்டும், இருந்தது இரண்டு பேர். ஒருவர் லோடரில். இன்னொருவர் வண்டிகளை வழிநடத்துகிறார், கொட்டியதைக் கிளறிப் பார்ப்பதும் அவர் வேலைதான். லோடு செக் என்று அதற்குப் பெயர். வரும் சுமைகளில் சிலவற்றை முன்னறிவிப்பில்லாமல் தனியே கொட்டச் சொல்லி, பேட்டரி, பூச்சிமருந்து, ஆஸ்பத்திரிக் கழிவு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. வரிசை சாலை வரை நீண்டிருந்தது. வண்டிகளை அனுப்புவதா, குப்பையைக் கிளறுவதா? அவர் வண்டிகளை அனுப்பினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

யாரோ வீட்டைக் காலி செய்து கொண்டுவந்த சாமான்களுக்குள் நீச்சல் குளத்துக்குப் போடும் குளோரின் வாளி ஒன்று இருந்தது. லோடர் அதை நசுக்கியது. கீழே ஏற்கெனவே எதுவோ ஈரமாகக் கிடந்தது. எடைமேடையில் இருந்த எனக்கே மூக்கு எரிந்தது. வழிநடத்திக்கொண்டிருந்தவர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து என் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

இதை லாக் புக்கில் எழுதாமல் விடவில்லை. எழுதினார்கள். குளோரின் வந்தது, ஒருவருக்கு மூச்சுத் திணறல், 24 மணி நேரத்துக்குள் முகமைக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது என்று நேரத்தோடு இருந்தது. எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. அடுத்த சோதனையில் இன்ஸ்பெக்டர் அதையே கேட்டார். எடுத்துக் காட்டப்பட்ட ஷிப்ட் தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. வராதவர்கள் வரவில்லை என்று யாரும் அதில் குறித்திருக்கவில்லை. அப்போது நான் எடைமேடையில் இருந்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. அறிக்கையில் லோடு செக் பயிற்சி "கவலைக்குரியது" என்று வந்தது. மூச்சுத் திணறிய அதே மனிதரை உட்கார வைத்து மறுபயிற்சி கொடுத்தார்கள். அவர் கோப்பில் அதற்கான தாளும் ஏறியது.

நான்கு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்த நாளில், அந்த இருவரில் ஒருவர் கவனக்குறைவானவர் என்று எழுத்தில் நின்றுவிட்டது. ஒரு வரி இருந்திருந்தால் போதும்: "இன்று தளத்தில் 2 பேர்." பயிற்சியைப் பற்றிய பேச்சே வந்திருக்காது, ஆள் எடுப்பதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எழுத்து வேலையை நாமே கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று ஜன்னலுக்குக் கீழே இருமிக்கொண்டிருந்தவரைப் பார்த்த பிறகு என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

புகார்ப் பதிவேட்டிலும் இதே கதை. பொதுமக்கள் எழுத்தில் கொடுக்கும் புகார்களை நிலையம் பதிந்து வைக்க வேண்டும் என்பது விதி. என்ன புகார், எந்தத் தேதி, நாங்கள் என்ன செய்தோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "எழுத்தில்" என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். எங்கள் நிலையத்துக்குக் காற்று வீசும் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் கடிதம் எழுதுவதில்லை, போன் செய்கிறார்கள். ஒரு பாட்டி கோடைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது கூப்பிடுவார். ஸ்பானிஷ் தெரிந்த என் சக ஊழியர் எடுத்துப் பேசுவார். ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியவில்லை, வீட்டில் ஏசி கிடையாது என்பார் அந்தப் பாட்டி. பதிவேட்டில் அவர் இல்லவே இல்லை. இ-மெயிலில் ஒரே ஒரு முறை வாசனை பற்றி எழுதிய ரியல் எஸ்டேட்காரர் இருக்கிறார், பதிலோடு, தேதியோடு. விதியை யாரும் மீறவில்லை. ஆனாலும் இது அநியாயம் என்றுதான் சொல்வேன். போனில் வரும் புகாரையும் எழுது என்று அந்த விதியைத் திருத்த வேண்டும். அதுவரை ஒவ்வொரு நிலையமும் தானாகவே எழுதலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மேற்பார்வையாளர்கள் சொல்லும் பதிலையும் சொல்லிவிடுகிறேன், அதில் உண்மை இருப்பதால். "நாம் எல்லாவற்றையும் எழுதினால் நம் மேல்தான் விதிமீறல் விழும். பக்கத்து நிலையம் வெறும் பக்கத்தைக் காட்டி நல்ல பெயர் வாங்கிவிடும்." ஆமாம், அப்படி நடக்கிறது. இதற்கு முகமைகள்தான் பொறுப்பேற்க வேண்டும். தானாக எழுதி, என்ன செய்தோம் என்பதையும் எழுதிய நிலையத்தை ஒரு விதமாகவும், மூன்று மாதம் "எதுவும் இல்லை" என்று எழுதிய நிலையத்தை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். நாளுக்கு 100 டன்னுக்கு மேல் குப்பை வாங்கும் ஓர் இடத்தில் மூன்று மாதம் ஒரு பேட்டரிகூட வரவில்லை என்றால், லோடு செக்கே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்ஸ்பெக்டர் அந்த வெறும் பக்கத்தில்தான் கேள்வியைத் தொடங்க வேண்டும்.

பேட்டரி சாதாரண விஷயமில்லை. 2016 செப்டம்பரில் சான் கார்லோஸில் உள்ள ஷோர்வே குப்பை, மறுசுழற்சி மையத்தில் பெரிய தீ பிடித்தது. லித்தியம் பேட்டரிதான் காரணமாக இருக்கும் என்றார்கள். மறுசுழற்சிப் பிரிவு மாதக்கணக்கில் இயங்கவில்லை. எங்கள் தளத்திலும் வாரத்துக்கு ஒருமுறை எங்காவது லேசாகப் புகை கிளம்பும், ஹோஸைப் பிடித்து அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இந்தச் சின்னப் புகைகளை எந்த நாள், எந்த மூலை, எந்த ஊர் வண்டி என்று எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் அதிலேயே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

பொய்யாக எழுதினால் தண்டனை உண்டு. சான் பிரான்சிஸ்கோ ஹன்டர்ஸ் பாயின்ட் பழைய கடற்படைத் தளத்தில் கதிரியக்க மாசைச் சோதிக்கும்போது, சந்தேகத்துக்குரிய மண்ணுக்குப் பதில் சுத்தமான மண்ணை மாற்றி வைத்த இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு 2018இல் ஆளுக்கு 8 மாதச் சிறை கிடைத்தது. எழுதாமலே விட்டவர்களை யார், எதைக் கொண்டு பிடிப்பது? அவர்கள்மேல் காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிலையம் கவுண்டியுடையது, அதைச் சோதிக்கும் துறையும் கவுண்டியுடையது. நிலையத்தை நடத்தும் துறையே அமலாக்க முகமையாக இருக்கக் கூடாது என்று சட்டம் பிரித்திருக்கிறது, அது சரி. ஆனால் இரண்டு துறைக்கும் பட்ஜெட் போடுவது, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே கவுண்டி மேற்பார்வையாளர் குழுதான். எங்கள் இன்ஸ்பெக்டர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஆள் பற்றாக்குறை என்று அவர் எழுதினால், கை காட்டுவது அந்தக் குழுவின் பட்ஜெட்டை நோக்கித்தான். அந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. தளத்தில் நிற்பவர்கள் அன்றன்றைக்கு எழுதியிருந்தால், அவர் அதை எடுத்துச் சொன்னாலே போதும்.

அதனால்தான் லாக் புக்கை ஆபீஸ் அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஞாபகப்படுத்தி எழுதுவது பதிவேடே இல்லை. தளத்தில் நிற்பவர்கள் ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே எழுத வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் சரி, கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி. முதல் வரியில் அன்றைக்கு எத்தனை பேர், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும். அப்புறம் மற்றது.

போன செப்டம்பரிலிருந்து நான் அந்த முதல் வரியை எழுதி வருகிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, விதியிலேயே இருப்பதற்கு எதற்கு அனுமதி? முதல் மாதம் மேற்பார்வையாளர் இரண்டு தடவை முகம் சுளித்தார், ஆனால் அந்த வரியை அடித்து நீக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நவம்பரில் வந்தபோது அந்தப் பக்கங்களை நின்று படித்தார், போனில் படமும் எடுத்துக்கொண்டார். அந்த மாத அறிக்கையில் தளத்தின் ஆள் எண்ணிக்கை "கவலைக்குரியது" என்று வந்தது. ஜனவரியில் சனிக்கிழமைகளுக்கென்று ஒருவரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள்.

என் நண்பரின் கோப்பில் அந்த மறுபயிற்சித் தாள் இன்னும் இருக்கிறது. அன்று தளத்தில் இருந்தது இரண்டு பேர்தான் என்று நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் அதே கோப்பில் சேர்க்கும்படி கொடுத்திருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது, பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்கப் போகிறேன்.