4294967297-இன் சுவையே அதற்குப் பிறகுதான்

4294967297-க்கு ‘ஒற்றைப்படை, பகு எண், இரண்டே பகாக் காரணிகள்’ என்று முத்திரை குத்திவிட்டுக் எண்களை வகைப்படுத்தும் உங்கள் கட்டுரை அடுத்த எண்ணுக்குத் தாவிவிட்டது. இதன் சுவையே அதற்குப் பிறகுதானே சார்!

2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் எண் இது. 32-க்குப் பதிலாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளை வைத்தால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது! கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

பகு எண்ணாக இருந்தும் பகா எண்ணுக்கான சோதனையில் தேறிவிடும் ‘போலிப் பகா எண்’ என்ற வகையையும் விட்டுவிட்டீர்கள். ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும் (அடிமானம்) அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். இதை 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். அவர் தேற்றத்தை வைத்து நடத்தும் சோதனைக்கே டிமிக்கி கொடுக்கும் எண்! அடிமானத்தை 3 ஆக்கினால் குட்டு உடைந்துவிடும்.