மக்டவலை விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்

நேற்று ஓடிய அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் 'மொக்கைத் தளபதிகள்'. 1861 ஜூலையில் புல் ரன் சண்டையில் லிங்கனின் வடக்குப் படையை நடத்தித் தோற்ற மக்டவலுக்கு மூன்றாம் இடம், பக்கத்திலேயே கோமாளி ஸ்மைலி. நான் மரியாதையாக ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். 'அண்ணன் புல் ரன்னில் ஓடியவரோட பேரனா?' என்று பதில். அதற்கு நண்பர்களே வந்து ஹாஹா போட்டிருக்கிறார்கள்.

சரி, பேரனே பேசுகிறேன்.

1861 ஜூலையில் அங்கே ராணுவம் என்று எது இருந்தது? போருக்கு முன் மொத்த நிரந்தரப் படையே ஏறக்குறைய 16,000 பேர். ஏப்ரலில் லிங்கன் 75,000 பேரைக் கூப்பிட்டார், வெறும் மூன்று மாதத்துக்கு. மக்டவல் களத்தில் படை நடத்தியவரே இல்லை. பயிற்சிக்கு அவகாசம் கேட்டார், கொடுக்கவில்லை. சண்டையன்று காலையில், கெடு முடிந்த ஒரு ரெஜிமென்ட்டும் ஒரு பீரங்கி அணியும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பின. சீருடைகூட ஒழுங்கில்லை. நீல உடுப்பில் வந்த எதிரிப் படை வர்ஜீனியாக்காரர்களை நம்ம ஆட்கள் என்று நினைத்துச் சுடாமல் நின்றதில் பீரங்கிகளே பறிபோயின. இதை வைத்தா ஒரு மனிதனுக்கு மார்க் போடுவீர்கள்?

'எதிரிப் படையும் புதுசுதானே' என்பீர்கள். லிங்கனும் அதைத்தான் சொன்னார். ஆனால் குன்றின் மேல் நின்று சுடுவது வேறு, தெரியாத பாதையில் ஆயிரக்கணக்கானவர்களைச் சுற்றிக் கூட்டிப்போவது வேறு. 'அடுத்த வருஷமும் அவர் ஒன்றும் கிழிக்கவில்லையே'? சரி, கிழிக்கவில்லை. நான் பேசுவது 1861.

அந்த வருஷக் கணக்கில், பின்னாளில் தெற்கின் பெரிய தளபதியான லீ யார்? மேற்கு வர்ஜீனியாவில் சொதப்பிவிட்டு வந்த 'கிழவி லீ'. வடக்கின் ஷெர்மனுக்குப் பைத்தியம் என்று பத்திரிகையே எழுதியது. பின்னாளில் வடக்கை ஜெயிக்க வைத்த கிராண்டே 1862 ஏப்ரலில் ஷைலோ சண்டையில் முதல் நாள் ஏமாந்து நின்றார். அன்றைய 'இளம் நெப்போலியன்' மக்லெல்லன்! இப்போது அவரும் உங்கள் மொக்கைப் பட்டியலில். அவர்களுக்கெல்லாம் இரண்டாவது பந்தி கிடைத்தது ஐயா. மக்டவலைத் தோற்ற மறுநாளே ஓரங்கட்டி, அவர் இடத்துக்கு வரச்சொல்லி மக்லெல்லனுக்குத் தந்தி அடித்துவிட்டார்கள்.

பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. பதினோரு வருஷத்துக்கு முன் தங்கை கல்யாணம். பரிமாற வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. அப்பா என் கையில் வாளியைக் கொடுத்துவிட்டார். என் நண்பர்கள் எட்டுப் பேர், ஒருத்தனும் அதுவரை கரண்டி பிடித்ததில்லை. ஒருவன் நுனி இலையை வலப்பக்கம் வைத்துப் போட்டுக்கொண்டே போனான். இன்னொருவன் சோறு வருமுன்பே ரசத்தை ஊற்ற, அது வழிந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியில் இறங்கியது. மூன்றாவது பந்திக்குள் நாங்கள் தேறிவிட்டோம். அப்பளம் நொறுங்காமல் போய்ச் சேர்ந்தது, பாயசம்கூட மிஞ்சியது. ஆனால் மூன்றாவது பந்தியில் சாப்பிட்ட யாராவது இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா? எனக்குக் கிடைத்த பேர் 'ரசம் மச்சான்'.

'கல்யாணமும் போரும் ஒன்றா' என்று கேட்க ஒருவர் வருவார். வாருங்கள், பிளாக் பட்டன் தயாராக இருக்கிறது.

போன மாதம் தங்கை மகனுக்குக் காதுகுத்து. பந்தி ஆரம்பித்ததும் பழக்கத்தில் வாளியை எடுத்தேன். மாப்பிள்ளையின் தம்பி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "நீங்க உட்காருங்க மச்சான், நாங்க பார்த்துக்கறோம்."