டாக்டிக்ஸாம் டாக்டிக்ஸ்!

என் மகள் மாதிரி பதினாலு வயசுப் பிள்ளைகள் ஓடுகிற 1500 மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் டாக்டிக்ஸாம், அதாவது தந்திரமாம். இதை என்னிடம் சொன்ன பந்தய அதிகாரி கையில் பாதி சமோசா, மீசையில் மீதி. சனிக்கிழமை நடந்தது, இன்றைக்குச் செவ்வாய், எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் காய்ந்த எந்த அப்பா அம்மாவுக்கும் நான் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. நேராக 700-ஆவது மீட்டருக்கு வாருங்கள்.

ஊதா பனியன் கோஷ்டி மூன்று பேர். அதுவரைக்கும் பூனை மாதிரி என் மகளுக்குப் பின்னாலேயே வந்தார்கள். திடீரென்று உயரமான பெண் முந்திப் போய் என் மகளுக்கு நேர் முன்னால் உள்கோட்டில் இறங்கினாள். சரி, முந்துவது குற்றமா? இல்லை. அடுத்தது ரெட்டைச் சடை. அவள் வந்து வலது தோளோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஓடுவது குற்றமா? அதுவும் இல்லை. இடது பக்கம் விளிம்புக் கட்டை, அதைத் தாண்டினால் புல். பின்னால் மீதிக் கூட்டம். நடுவில் என் மகள், சந்தைக்குப் போகிற கூடைக்கோழி மாதிரி.

இப்போது உயரக்காரி வேகத்தைக் குறைத்தாள். குறைத்தாள் என்றால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தென்னாப்பிரிக்க டர்பன் கடற்கரையில் ஐஸ்கிரீமும் கையுமாக நடப்பார்களே, அப்படி. ரெட்டைச் சடையும் அளந்து வைத்த மாதிரி அதே அளவு குறைத்தாள். என் மகள் முன்னால் பார்த்தால் முதுகு, வலது பக்கம் பார்த்தால் முழங்கை. அப்போதுதான் மூன்றாவது ஊதா, அந்தக் குதிரைவால், வெளிப்பக்கமாகத் தேர் போகிற மாதிரி போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கணும்? வீட்டுக்கு ரெண்டு பூட்டுப் போட்டுவிட்டுத்தானே கிளம்பினாள்!

கடைசிச் சுற்று மணி அடித்தது. கோழி இன்னும் கூடைக்குள்தான். நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு “வெளியே வா, வெளியே வா” என்று கத்துகிறேன். எங்கேயிருந்து வருவாள்? அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த எவளோ குதிகாலை மிதித்தாள். ஷூ பாதி கழன்றது. பாதி ஷூவை இழுத்துக்கொண்டே வளைவு முழுக்க ஓடி, கடைசி 150 மீட்டரில் அந்த ஊதா வேலி தானாகக் களைத்து அவிழ்ந்தபோதுதான் என் பிள்ளைக்கு வழி கிடைத்தது. ஷூவை உதறிவிட்டு ஓடினாள் பாருங்கள்! நாலாவது. அடுத்த கட்டத்துக்கு மூன்று பேர்தான்.

ஜெயித்த நேரம் 5:31. என் மகள் போன மாசம் ஓடியது 5:06. இதைவிட வேகமாக எங்கள் சாட்ஸ்வர்த் மேட்டில் தாயம்மாக்கள் பால் பாக்கெட் வாங்கப் போவார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். உள்கோட்டை விடாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், ஒரு தடம் தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் அதிகம் ஓடணும், எதற்கு அந்த வீண் ஓட்டம் என்று காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். பிள்ளை நம்பியது. ஏழரை மீட்டரை மிச்சம் பிடிக்கப் போய்ச் சிறைக்குள் போய் உட்கார்ந்தது. ஏழரை! அதுவும் சனிக்கிழமை! சனி பகவான் நேரில் வந்து டேப் பிடித்து அளந்திருக்கிறார்.

சரி, முறையிடலாம் என்று போனேன். முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிஷத்துக்குள் ஆட்சேபம் சொல்லணும், அதுதான் விதி. அறிவித்தார்களா? ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு வந்தது, அதுதான் அறிவிப்பாம். முதல் மேசையில் இங்கே இல்லை என்றார்கள். இரண்டாவது மேசையில் கோச்சோடு வாருங்கள் என்றார்கள். கோச் மைதானத்தின் அந்தக் கோடியில் இன்னொரு பிள்ளைக்கு ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடினேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை யாராவது நேரம் பிடித்திருந்தால் 5:31-க்குக் கிட்டே வந்திருக்கும். திரும்பி வந்தால் சமோசாக்காரர் வாட்சைப் பார்த்து, “இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, சொல்லுங்க” என்கிறார், ஏதோ தர்மம் பண்ணுகிற மாதிரி.

சொன்னேன். தள்ளினார்களா என்று கேட்டார். தள்ளவில்லை, வழியை அடைத்தார்கள் என்றேன். பக்கத்தில் ஓடினால் அடைத்ததாகுமா, அதற்குப் பெயர் டாக்டிக்ஸ் என்றார். குதிகாலை மிதித்தது? கூட்டமாக ஓடினால் மிதிபடத்தான் செய்யும் என்றார். அத்தோடு விட்டாரா? 1984-க்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், 3000 மீட்டர், நம் ப்ளூம்ஃபோன்டெய்ன் பெண் ஜோலா பட், பதினெட்டு வயசு, வெறுங்கால், பின்னால் வந்த அமெரிக்காவின் மேரி டெக்கர் இடறி விழுந்தது, கூட்டம் ஊளையிட்டது, ஜோலா ஏழாவதாக வந்தது, முதலில் தகுதிநீக்கம் செய்துவிட்டு வீடியோ பார்த்து அதை ரத்து செய்தது. எல்லாம் சொல்லி முடித்து, “பின்னால் வர்றவங்கதான் பார்த்து ஓடணும்” என்றார்.

ஐயா சாமி! என் பிள்ளையை மிதித்ததும் பின்னால் வந்தவள்தானே? உங்கள் கதைப்படியே தீர்ப்பு என் பக்கம்தானே? அதைவிடப் பெரிய கூத்து, அன்றைக்கு அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது வீடியோ. என் போனிலும் வீடியோ இருக்கிறது என்று நீட்டினேன். அதெல்லாம் இங்கே பார்ப்பதில்லையாம். மேல்முறையீடு வேண்டுமானால் பணம் கட்டணும், எடுபடாவிட்டால் திரும்பி வராது. வராது என்று சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் எவ்வளவு பிரகாசம்!

எங்கள் கோச் வாயைத் திறக்கவில்லை. காருக்கு வரும் வழியில்தான் ஞானம் பிறந்தது அவருக்கு. நம் நாட்டு ஓட்டக்காரர் முலாவுட்சியைப் பாருங்கள் அண்ணே, 2009-ல் பெர்லினில் 800 மீட்டர் உலகப் பட்டத்தை 1:45.29-ல் வாங்கினார், அதே வருஷம் 1:42.86 ஓடினவர், மெதுவான பந்தயத்தையும் ஜெயிக்கத் தெரியணும் என்றார். தெரியணும்தான், யார் இல்லை என்றது? முலாவுட்சிக்கு அப்போது 28 வயசு. மெதுவாகப் போகலாமா, எப்போது பிய்த்துக்கொண்டு போகலாம் என்று அவர் மூளை சொன்னது, அவர் கால் கேட்டது. இங்கே யார் மூளை? தொப்பியும் விசிலுமாக வேலிக்கு வெளியே நின்ற ஒருவருடையது. அவர் விசில் ஊதிய பிறகுதான் உயரக்காரி முன்னால் வந்தாள், என் வீடியோவில் சத்தம்கூடக் கேட்கிறது.

வேலியாக நின்ற அந்த ரெண்டு பேரும் ஒன்பதாவது, பத்தாவது. அவர்கள் வீட்டிலும் விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். “எத்தனையாவது வந்தேடா?” என்று ஆயா கேட்டால் என்ன சொல்லும் அந்தப் பிள்ளை? நான் ஓடலை ஆயா, கதவா நின்னேன் என்றா? ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி கொடுத்துக் கதவாக நிறுத்துகிறவருக்குக் கோச் என்று பெயர். தச்சர் என்று வைத்திருக்கலாம்.

இப்படியெல்லாம் ரெட்டைச் சடைக்காகவும் சேர்த்துக் கொதித்துக்கொண்டு கார் பக்கம் போனால், அந்த ரெட்டைச் சடையும் என் மகளும் பானெட்டில் சாய்ந்துகொண்டு ஒரே பாக்கெட்டில் சிப்ஸ் தின்கிறார்கள். சிரிப்பு வேறு. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண், “ஹலோ அங்கிள்” என்றாள். நான் என்ன செய்ய? ஹலோ என்றேன்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் மகள் பேசவில்லை. அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அத்தை மகளும் அடுத்த மாசம் 1500-க்குப் பேர் கொடுப்பாளா?”

“அவளுக்குத்தான் ஓடவே வராதே?”

“ஓட வேணாம்ப்பா. வலது பக்கம் இருந்தா போதும்.”

ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. ரெண்டு மேசை, ஒரு ஓட்டம், ஒரு சமோசாப் பிரசங்கம் எல்லாம் எதற்கு? இவளே தச்சர் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சிரித்ததில் பசி வந்தது. காவடி விரதம் முடிந்த பிறகு முதல் தடவையாக ஆசையாய்க் கால் ரொட்டி மட்டன் பன்னி வாங்கினேன். (தமிழ்நாட்டுச் சொந்தங்கள் பதற வேண்டாம், பன்னி என்றால் இங்கே ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றுவது.) கொடுத்த காசுக்கு உள்ளே என்ன இருந்தது தெரியுமா? முன்னால் ஒரு உருளைக்கிழங்கு, வலது பக்கம் ஒரு உருளைக்கிழங்கு, பின்னால் ஒன்று. நடுவில் ஒரே ஒரு எலும்பு. கடைக்காரரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் கையிலும் ஒரு சமோசா இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.