லியோன் ஃப்ளைஷரை தயவுசெஞ்சு மோட்டிவேஷன் ஆக்காதீங்க

லியோன் ஃப்ளைஷர் பேரை வச்சு ஒரு ஃபார்வர்டு எங்க குரூப்ல சுத்திட்டு இருக்கு. பியானோ வாசிக்கிறவருக்கு வலது கை போச்சு, மனசு தளரல, 30 வருஷம் கழிச்சு ஜெயிச்சாரு, நீயும் ஜெயிப்பே, கீழே ஒரு சூரியோதயம் படம். படிச்சதும் எரிச்சலா வந்துச்சு, ஏன்னா அந்த மனுஷனோட கதை கிட்டத்தட்ட இதுக்கு நேரெதிர்.

1928ல சான் பிரான்சிஸ்கோல பொறந்தவரு. அப்பாவுக்கு தொப்பிக் கடை. அம்மாவுக்கு பையன் ஒண்ணு அமெரிக்க ஜனாதிபதி ஆகணும், இல்லேன்னா பெரிய பியானிஸ்ட் ஆகணும், நடுவுல வேற ஆப்ஷனே கிடையாது (நம்ம வீட்டு டாக்டர், இன்ஜினியர் மாதிரிதான்). 9 வயசுல ஆர்தூர் ஷ்னாபெல்ங்கிற பெரிய பியானிஸ்ட் கிட்ட சேர்ந்துட்டாரு. ஷ்னாபெலோட குரு லெஷெட்டிட்ஸ்கி, அவரோட குரு செர்னி, செர்னிக்கு சொல்லிக்கொடுத்தது சாட்சாத் பீத்தோவன். குரு பரம்பரைன்னா இதுதான்.

16 வயசுல கார்னகி ஹால்ல நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து, பிராம்ஸ் எழுதின முதல் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய இசை) வாசிச்சாரு. 1952ல பிரஸ்ஸல்ஸ்ல குயீன் எலிசபெத் இசைப் போட்டியில முதல் பரிசு, அதுல முதலா வந்த முதல் அமெரிக்கர். அப்புறம் ஜார்ஜ் செல் நடத்தின கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவோட பீத்தோவனோட 5 கான்செர்ட்டோவும் பிராம்ஸோட ரெண்டும் ரெக்கார்டிங், இன்னிக்கு வரைக்கும் ஆளுங்க எடுத்துக்காட்டா சொல்றது.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1964, வயசு 36. ஜார்ஜ் செல்லோட சோவியத் யூனியன் டூர் கிளம்பத் தயாராகிட்டு இருக்காரு, வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சு கேக்காம உள்ளங்கைக்குள்ள சுருண்டுக்குது. அவர் என்ன பண்ணாரு? ஃபார்வர்டுல சொல்ற அதே விடாமுயற்சிதான், ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம், கை தகராறு பண்ணா இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து. மாசக்கணக்குல அப்படி வாசிச்சு வாசிச்சு மொத்தமா முடிஞ்சு போச்சு, டூரும் போச்சு. கையை தானே கெடுத்துக்கிட்டோம்னு பின்னாடி அவரே பலமுறை வெளிப்படையா பேசியிருக்காரு.

அந்த வியாதிக்குப் பேரு ஃபோக்கல் டிஸ்டோனியா. தசையில கோளாறு இல்ல, எலும்புல இல்ல. ஒரே நுணுக்கமான அசைவை ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் பண்ணும்போது மூளைக்குள்ள ஒவ்வொரு விரலுக்கும் இருக்கிற தனித்தனி இடம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிப் போயிடுது, ஒரு விரலைக் கூப்பிட்டா பக்கத்து விரலும் சேர்ந்து மடங்குது. கொடுமை என்னன்னா மத்த வேலைக்கெல்லாம் கை ஓரளவு ஒத்துழைக்கும், பியானோ முன்னாடி உக்காந்தா மட்டும் மக்கர் பண்ணும். அந்தக் காலத்துல டாக்டருங்களுக்கே பிடிபடல, அவருக்கு இன்னதுன்னு பேர் தெரியவே 1991 ஆயிடுச்சு.

ஆரம்ப வருஷங்கள் மோசம். கல்யாண வாழ்க்கை உடைஞ்சுது, தற்கொலை வரைக்கும் யோசனை போயிருக்கு. தாடி, குடுமி வளர்த்துக்கிட்டு வெஸ்பா ஸ்கூட்டர்ல சுத்தியிருக்காரு. அப்புறம்தான், தன்னோட வலது கைதான் வாழ்க்கைங்கிற எண்ணத்தை விட்டுட்டாரு. விட்டுட்டாரு, இந்த வார்த்தையைத்தான் ஃபார்வர்டுல தேடித் தேடிப் பாத்தேன், காணோம். ஆர்கெஸ்ட்ரா நடத்த ஆரம்பிச்சாரு. பால்டிமோர்ல பீபாடி இசைக் கல்லூரியில முழு மூச்சா பாடம் எடுத்தாரு, ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரோன்ஃப்மன், ஜோனதன் பிஸ் எல்லாம் அவர்கிட்ட படிச்சவங்க. முன்னெல்லாம் உக்காந்து வாசிச்சுக் காட்டலாம், இப்ப அது முடியாதுல்ல, என்ன வேணும்னு வாயால சொல்லித்தான் புரியவைக்கணும், அதனாலயே நல்ல வாத்தியார் ஆனதா அவரே சொல்லியிருக்காரு.

இடது கைக்குன்னே எழுதின இசையையும் கையில எடுத்தாரு. அதுல நிறைய பால் விட்கென்ஸ்டைன் புண்ணியம். தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைனோட அண்ணன், முதல் உலகப்போர்ல வலது கையை இழந்த பியானிஸ்ட், வீட்ல கொட்டிக் கிடந்த காசை வச்சு ராவெல், ப்ரோகோஃபியெவ், ஹிண்டெமித்னு பெரிய இசையமைப்பாளருங்க கிட்ட எல்லாம் இடது கைக்கு எழுதி வாங்கினவரு. வாங்கிட்டு பிடிக்கலேன்னா வாசிக்க மாட்டாரு, அது வேற கதை.

1982ல பால்டிமோர்ல மேயர்ஹாஃப் ஹால் திறப்பு விழா. 'ரெண்டு கையோட திரும்பி வராரு'ன்னு ஊரே பேசுது, டிவி கேமரா எல்லாம் இருக்கு. பீத்தோவன் நாலாவது கான்செர்ட்டோவை விட்டுட்டு கொஞ்சம் கைக்கு அடங்குற செஸார் ஃப்ராங்க் எழுதின இசை ஒண்ணை வாசிச்சாரு. ஹாலே எழுந்து நின்னு கைதட்டுது, ஆனா கை சரியாகலேன்னு அவருக்குத் தெரியும். திரும்ப இடது கைக்கே போயிட்டாரு, இன்னும் பத்து வருஷத்துக்கு மேல. எனக்கு இந்த மனுஷன் மேல மரியாதை வந்த இடம் இதுதான். ஊர் கைதட்டினதை நம்பி நாலு ரெக்கார்டிங் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல?

90கள் நடுவுலதான் போட்டாக்ஸ் ஊசி. நடிகைங்க முகச் சுருக்கத்துக்குப் போடுறாங்களே, அதேதான். முறுக்கிக்கிற தசையை ஊசி தளர்த்தும், கூடவே ரோல்ஃபிங்னு ஒரு தசைப்பிடி சிகிச்சை. ரெண்டும் சேர்ந்து விரல் கொஞ்சம் நிமிர்ந்துச்சு. குணமாகல, சில மாசத்துக்கு ஒருதடவை ஊசி திரும்பப் போட்டாகணும், எந்தப் பாட்டை வாசிக்கிறதுன்னு பாத்துப் பாத்துத்தான் எடுக்கணும். 2004ல 'டூ ஹேண்ட்ஸ்'னு ஆல்பம் வந்துச்சு, ஷூபர்ட் எழுதின கடைசி பியானோ சொனாட்டா அதுல இருக்கு, வேகத்துல அசத்துற வாசிப்பெல்லாம் இல்ல, கேட்டுப் பாருங்க.

எங்க வீட்லயும் ஒரு வாண்டு கீபோர்டு கிளாஸ் போகுது. கை வலிக்குதுன்னு சொன்னா 'சும்மா சாக்கு சொல்லாத'ன்னு அதட்டியிருக்கேன், இப்ப 'எழுந்து போய் விளையாடு'ன்னு சொல்லிடறேன். கிரேடு எக்ஸாம் எங்க ஓடிடப் போகுது.

ஃபார்வர்டு எழுதினவருக்கு இன்னும் ஒண்ணு. 'டூ ஹேண்ட்ஸ்' வந்த அதே 2004 டிசம்பர்ல ஃப்ளைஷர் பெர்லின் போறாரு. விட்கென்ஸ்டைன் 1923ல ஹிண்டெமித் கிட்ட வாங்கி வாசிக்காமலே மூலையில போட்டு வச்ச அந்த கான்செர்ட்டோ, விட்கென்ஸ்டைனோட மனைவி இறந்தப்புறம் அமெரிக்காவுல கிடைச்சிருந்துச்சு. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, நடத்துறவரு சைமன் ராட்டில், உலகத்துலயே முதல்தடவையா அந்த இசை மேடை ஏறுது. ரெண்டு கையும் திரும்பக் கிடைச்ச மனுஷன், வலது கையை சும்மா வச்சுட்டு இடது கையால வாசிச்சுட்டு வந்தாரு.