ஆறு வயதோடு கணக்கை முடிக்காதீர்கள்

பேசுவதும் பழகுவதும் வேறு விதமாக வளரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. "ஆறு வயசுக்குள்ள முன்னேற்றம் வரலைன்னா அப்புறம் வராது" என்று மைக்கைப் பிடித்துச் சொல்கிறார் அந்த நிபுணர். முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போனாள். அது வீடியோவில் இல்லை. நான் பார்த்தேன்.

சீக்கிரம் பயிற்சி தொடங்குவது நல்லது. அதை நான் மறுக்கவே இல்லை. ஆறு வயதோடு எல்லாம் நின்றுவிடும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பல வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஆய்வாளர் கேத்தரின் லார்டின் குழு 1990களில் இரண்டு வயதில் பார்த்த பிள்ளைகளை, அவர்கள் இளைஞர்களாகும்வரை தொடர்ந்தது; ஆறு வயதோடு நிறுத்திவிடவில்லை. ஆட்டிசம் பற்றி 1943இல் மருத்துவர் லியோ கானர் எழுதிய கட்டுரையில் வரும் பதினொரு குழந்தைகளில் முதல் ஆள் டொனால்ட் டிரிப்லெட். டாக்டர்கள் சொன்னார்கள் என்று சின்ன வயதிலேயே அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். பெற்றவர்களுக்கு மனம் கேட்காமல், அடுத்த வருடமே கூட்டி வந்துவிட்டார்கள். பிறகு அவர் கல்லூரியில் படித்தார், வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டப் பழகியது 27 வயதில்! ஆறு வயதில் கணக்கை முடித்திருந்தால்?

எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. ஆட்டிசம் உள்ள என் மகன் பதினேழு வயதுவரை பட்டறைப் பக்கமே வரமாட்டான், அரத்தால் ராவும் சத்தம் அவனுக்கு ஆகாது. ஒருநாள் அவனாக வந்து உட்கார்ந்து சாமணம் என்ற சின்ன இடுக்கியை எடுத்தான். இப்போது வளையம் வளையமாகக் கோக்கிறான். வாய் சரியாகச் சேராத வளையம் ஒன்று வந்தால், யாரும் சொல்லாமலே தனியாக எடுத்து வைக்கிறான். போன வருடத்தில் இருந்து தெருமுனைத் தட்டுவடை செட் கடைக்குத் தனியாகப் போய், "காரம் கம்மி" என்று கேட்டு வாங்குகிறான். ஆறு வயதில் அவனுக்கு 'அம்மா' கூட வராது.

"பொய் நம்பிக்கை கொடுக்காதீங்க" என்பீர்கள். சரி. இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள, வயது வந்தவர்கள் 68 பேரைப் பார்த்த 2004 ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களின் நிலை நன்றாக இல்லை. தெரியும். என் மகனும் தனியாக வாழ்ந்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2010இல் அமெரிக்காவில் டெய்லர், செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் எழுதியதையும் படியுங்கள். பள்ளிக் காலத்தில் இந்தப் பிள்ளைகளிடம் முன்னேற்றம் வந்துகொண்டே இருந்தது. பள்ளி முடிந்த பிறகுதான் அதன் வேகம் குறைந்தது. போக ஓர் இடம் இல்லாமல் வீட்டில் உட்கார வைத்தால் யாருக்குத்தான் வளர்ச்சி வரும்?

இங்கே சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருந்து சூரமங்கலம்வரை நான் ஏறி இறங்கிய பயிற்சி மையங்களில் எல்லாம் ஒரே பதில்தான்: "வயசு அதிகமாயிடுச்சும்மா." பதினெட்டு முடிந்த பிள்ளை எங்கே போவான்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்தைச் சேர்த்தார்களே, அது குழந்தைகளுக்கு மட்டுமா?

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது என் கொழுந்தனார். கீழே ஒரு வரி: "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி, வீண் செலவுன்னு." அவர் மகளுக்குப் போன மாதம் போட்ட கொலுசு என் மகன் கோத்தது. அதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முன்வரிசையில் இருந்து எழுந்து போன அந்தத் தங்கையை யாருக்காவது தெரிந்தால் என் எண்ணைக் கொடுங்கள். அவள் எங்கள் பட்டறைக்கு ஒருமுறை வரட்டும்.