ஸ்டட் ஆணிகள் வீண்செலவா?
எஃகுத் தகட்டின் மேல் வார்த்த கான்கிரீட் தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஸ்டட் ஆணிகளை (எஃகின்மேல் செங்குத்தாக நிற்கும், அகன்ற தலையுள்ள குட்டைத் தண்டுகள்) அதில் பற்றவைப்பது தேவையற்றது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒட்டுதல் உண்டு என்பது சரி. ஆனால் வடிவமைப்பில் அதை நம்புவதில்லை. கான்கிரீட் சுருங்குவதாலும் சுமை மாறி மாறி வருவதாலும் அந்தப் பிணைப்பு விட்டுப்போகலாம். அதுவும் பெரும்பாலும் திடீரென்று. பிறகு எஃகும் கான்கிரீட்டும் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, தனித்தனியே வளையும். அந்த நழுவலை உண்டாக்கும் வெட்டு விசையைத் தாங்குவதே ஆணித்தண்டின் வேலை. அகன்ற தலை, கான்கிரீட் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்கிறது.

எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 4, பகுதி 1-1இல் 6.6.1.1ஆம் பிரிவைப் பாருங்கள்: இயல்பான ஒட்டுதலைப் புறக்கணித்தே வெட்டு இணைப்பை (அந்த வெட்டு விசையைக் கடத்தும் இணைப்பை) அமைக்கச் சொல்கிறது. நெளிவுள்ள எஃகுத் தகட்டின் மேல் கான்கிரீட் வார்த்த நெளிதகட்டுத் தளங்களுக்கு 9.1.2.1 பொருந்தும். அங்கே தகட்டிலேயே அழுத்தி உருவாக்கிய புடைப்புகள் போதுமானதாக இருக்கலாம். அதுவும் இயந்திரப் பிடிப்புதான், வெறும் ஒட்டுதல் அல்ல.

விதிநூல் கையில் இல்லையென்றால், ஒரே அளவுள்ள இரண்டு நெகிழ்வான அடிக்கோல்களை அடுக்கி வளைத்துப் பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தாண்டி நகரும். நழுவலை முழுவதும் தடுத்துவிட்டால், நழுவும் நிலையோடு ஒப்பிட விறைப்பு 4 மடங்காகும்; விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், இரட்டைத் தடிப்புக்கு 8, தனித்தனி இரண்டு கோல்களுக்கு 2 என்று கணக்குப் போட்டாலே இது தெரிந்துவிடும்.