ஏழு ஆண்டுக் கணக்கும் ஏர்பேக் கோளாறும்

சென்ற மாதம் என் தம்பி நாகப்பட்டினத்தில் ஒருவரிடமிருந்து பதினோரு ஆண்டுப் பழைய கார் ஒன்றை வாங்கினான். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பதினேழு இலக்கச் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து பார்த்தபோது, ஓட்டுநர் பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை, அதாவது மோதலின்போது பையை விரியவைக்கும் பாகத்தை, உடனே மாற்ற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. வண்டியை விற்றவருக்கே அது தெரியாது. அவர் இரண்டாவது உரிமையாளர். நிறுவனத்தின் கடிதம் முதல் உரிமையாளர் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில், வாரண்டி முடிந்த வண்டி, பாகத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அறிவிப்பை அச்செடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து கழற்றிய அந்த உலோக டப்பா உள்ளங்கையில் அடங்கிவிடும். மோதல் நேர்ந்ததும் அதற்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து, கண் இமைப்பதற்குள் பையை நிரப்ப வேண்டும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல இன்ஃப்ளேட்டர்களில் ஈரத்தை உறிஞ்சும் பொருளையும் சேர்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலும் புழுக்கமும் பட்டுப்பட்டு அந்த வேதிப்பொருள் சிதைந்து, வேண்டிய வேகத்தைக் காட்டிலும் வேகமாக எரியும்போது டப்பாவே வெடித்து, உயிரைக் காக்க வந்த பையைக் கிழித்துக்கொண்டு உலோகச் சில்லுகள் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், இலவசமாக மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன (ரீகால்). இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டிய குற்றத்தை 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்ட தகாட்டா, அதே ஆண்டு ஜூனில் திவாலானது.

வயது ஏற ஏற முற்றும் கோளாறு இது. அதனால்தான் அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் ஓடிய பழைய வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். நம் கடற்கரை ஊர்களின் வெக்கையையும் உப்புக் காற்றையும் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம் விதியோ வேறு கணக்குப் போடுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. பழுது நீக்குவது, வேறு வண்டி தருவது, முழு விலையைத் திருப்பித் தருவது என மூன்று பரிகாரங்களையும் அது சொல்கிறது. நல்ல சட்டம்தான். எனினும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளோடு கட்டாயத் திரும்ப அழைப்பை நிறுத்திக்கொண்டன. பத்தாவது ஆண்டில் வெடிக்கக்கூடிய ஒரு பொருளுக்கு ஏழாவது ஆண்டில் எல்லைக்கோடு போட்டால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு? புது வண்டி வாங்க வசதியில்லாமல் பழைய வண்டி வாங்குகிறவருக்கு அது நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் இலவசப் பழுது நீக்கத்துக்கு 15 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாதுகாப்புக் குறைகளுக்காவது இங்கே இந்த ஏழு ஆண்டு வரம்பை நீக்கியே ஆக வேண்டும். வாகன உரிமை மாற்றப் பதிவின்போதே நிலுவையிலுள்ள அழைப்பைப் புது உரிமையாளருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

அதுவரை நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. உற்பத்திக் குறையோ வடிவமைப்புக் குறையோ உடலுக்குத் தீங்கு விளைவித்தால் உற்பத்தியாளரே இழப்பீடு தர வேண்டும் என்கிறது அதன் 84-ஆம் பிரிவு. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏர்பேக் கோளாறை எப்படி நிரூபிப்பது என்று பலர் தயங்குகிறார்கள். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளான ஒரு ஹூண்டாய் கிரெட்டாவில் முன்பக்க ஏர்பேக்குகள் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. வேகத்தையும் விசையையும் இயற்பியல் கோட்பாடுகளின்படி கணக்கிடும் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, மாநில நுகர்வோர் ஆணையம் வழங்கிய மூன்று லட்ச ரூபாய் இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதிசெய்தது. அது விரியாத பை, நான் சொல்வது வெடிக்கும் பை. ஆனாலும் நுகர்வோரின் தலையில் தொழில்நுட்பச் சுமையை ஏற்றக் கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் வண்டியைக் காயலான் கடைக்கு விட்டுவிடாதீர்கள். ஸ்டியரிங், கிழிந்த பை, சிதறிய சில்லுகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்; மருத்துவமனையின் காயச் சான்றிதழையும் முதல் தகவல் அறிக்கையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இவற்றை வைத்துத்தான்.

தம்பியின் வண்டிக்குப் புது இன்ஃப்ளேட்டர் பொருத்தி முடிக்க மாலை ஆறு மணி ஆகிவிட்டது. செய்த வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டில் "பொதுப் பராமரிப்பு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். திரும்ப அழைப்பின் பெயரில் மாற்றியது என்பதையும், புதிய பாகத்தின் எண்ணையும் எழுதி முத்திரையிட்ட பிறகே சாவியை வாங்கிக்கொண்டோம்.